யார் வீட்டுப் பணம்?

'இத்தனைக்கும் இந்த மனிதருக்குப் பணம் எங்கிருந்து வந்தது?'

2020-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில், முகக்கவசம் அணிந்து, நாற்காலிகளை எட்ட எட்டப் போட்டுக்கொண்டு நடந்த எங்கள் பங்குப்பேரவைக் கூட்டத்தில் இந்தக் கேள்வி எழுந்தது. எழுப்பியவர்கள் பலர், அவர்களுள் நானும் ஒருவன். கணக்கு எழுதிப் பிழைப்பவன் ஆதலால் மற்றவர்களைவிடச் சற்று உரக்கவே கேட்டேன் என்பதும் நினைவிருக்கிறது. விடை அறியும் விருப்பம் அன்று எங்களில் ஒருவருக்கும் இல்லை. சில கேள்விகள் விடைக்காகக் கேட்கப்படுவதில்லை. வந்தவரை எழுந்துபோகச் செய்வதற்காகக் கேட்கப்படுகின்றன.

வந்தவர் பனியன் கம்பெனி ஒன்றில் பேட்லாக் தைக்கும் டெய்லர். இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் திண்டுக்கல் பக்கத்திலிருந்து திருப்பூருக்குப் பிழைக்க வந்தவர். ஞாயிறு முதல் திருப்பலிக்குத் தவறாதவர். அன்பியக் கூட்டங்களில் வாய் திறவாதவர். அவரிடம் எழுநூறுக்கும் மேற்பட்ட திரைப்படங்கள் விசிடிகளாகவும் டிவிடிகளாகவும் இருந்தன. பெரும்பாலானவை 1970-க்கு முந்திய தமிழ்ப் படங்கள். ஊரடங்கில் கம்பெனி மூடிக் கிடந்த மாதங்களில் வாடகை பாக்கி ஏறி, இரண்டு அறை வீட்டிலிருந்து ஓர் அறை வீட்டுக்கு மாறவேண்டிய நிலை அவருக்கு. தட்டுகளைப் பங்கு நூலகத்துக்குக் கொடுத்துவிடுகிறேன், வைக்க ஓர் அலமாரி இருந்தால் போதும், முடிந்தால் பத்தாயிரம் ரூபாய் கொடுங்கள், முடியாவிட்டாலும் பரவாயில்லை என்பதே அவருடைய விண்ணப்பம்.

நான்கு நிமிடங்களில் அதைத் தள்ளினோம். 'பரிசீலிக்க இயலவில்லை' என்று குறிப்பேட்டில் இரண்டே சொற்கள். மறு வாரம் அவர் நான்கு சாக்குகளைத் தள்ளுவண்டியில் ஏற்றிப் பழைய இரும்புக் கடைக்குக் கொண்டுசென்றார். பெட்டிகளோடு சேர்த்து 71 கிலோ. கிலோ எட்டு ரூபாய். ஆக 568 ரூபாய்.

எடை போட்டு விற்பது திருப்பூருக்குப் புதிதன்று. கட்டிங் வேஸ்ட்டைக் கிலோக் கணக்கில் தள்ளிவிடுகிறோம்; செகண்ட்ஸ் சரக்கைக் காதர்பேட்டையில் குவித்துவைத்து விற்கிறோம். ஆனால் நல்ல சரக்கை வேஸ்ட் என்று சொல்லித் தள்ளிய செக்கிங்காரரை எந்த முதலாளியும் மறுநாள் வேலைக்கு வைத்துக்கொள்ளமாட்டார். எங்கள் பேரவையோ இன்றும் அப்படியே இருக்கிறது. நானும் அதில் இருக்கிறேன்.

ஓராண்டு கழித்து, மனம் உறுத்த, ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்குப் போனேன். அன்று கேட்ட கேள்வியை இம்முறை விடை வேண்டிக் கேட்டேன். ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போட்டோம். 2003-இல் முதல் தட்டு, 2020-இல் கடைசித் தட்டு, பதினேழு ஆண்டுகள். மொத்தச் செலவு, அவர் நினைவிலிருந்து சொன்னபடி, ஏறத்தாழ ஒன்றேகால் லட்சம் ரூபாய். வாரத்துக்குப் பிரித்தால் 140 ரூபாய் சொச்சம். எங்களுக்கு மலைப்பாகத் தெரிந்த தொகை இவ்வளவே. தமிழக அரசு மதுவின் சில்லறை விற்பனையை டாஸ்மாக் வழியாகத் தானே எடுத்துக்கொண்டதும் அதே 2003-இல்தான். அந்தக் கடைகளின் வாசலில் சனிக்கிழமை இரவு சம்பளக் கவரோடு நின்றவர்களிடம், 'பணம் எங்கிருந்து வந்தது?' என்று எந்தப் பங்குப்பேரவையும் கேட்டதாக நான் அறியேன். கேட்கவேண்டிய தேவையும் இல்லை. தொழிலாளி குடிப்பது அவன் இயல்பு என்று நாம் முன்பே முடிவுகட்டி வைத்திருக்கிறோம். அவன் பழைய படம் ஒன்றைத் தேடிப் பிடித்து வாங்கினால்தான் நமக்குச் சந்தேகம் பிறக்கிறது.

எப்படி முடிந்தது என்பதை அவர் மறைக்கவில்லை. திருப்பூரில் வேலை ஷிப்ட் கணக்கு. ஒன்றரை ஷிப்ட் பார்த்தால் காலை எட்டரைக்குப் போனவர் இரவு எட்டரைக்கு வெளியே வருவார். அந்த அரை ஷிப்ட்தான் அவருடைய கருவூலம். இது அரை ஷிப்ட் படம், அது இரண்டு ஷிப்ட் படம் என்றே அவர் விலை சொன்னார், ரூபாயில் சொல்லவில்லை. வீடியோ நூலகங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்ட காலத்தில் அவற்றின் மிச்சத்தை மொத்தமாகப் பேசி எடுத்தார். இரட்டையாக வந்தவற்றைத் தம்மைப் போன்ற இரண்டு மூன்று பேரோடு மாற்றிக்கொண்டார். மோசர் பேயர் நிறுவனம் 2007-இல் விசிடியை 28 ரூபாய்க்கும் டிவிடியை 34 ரூபாய்க்கும் கொண்டுவந்தபோது, 'கர்த்தர் நம்மளையும் நெனச்சாரு சார்' என்றாராம் தம் நண்பரிடம். அந்த நிறுவனம் கடனில் மூழ்கி 2018-இல் கலைக்கப்படும் நிலைக்கு வந்தது. அதனால் பயனடைந்தவர்களுள் இவரும் ஒருவர். மலிவு என்பதும் யாரோ ஒருவருடைய நட்டம்தான் என்பதைக் கணக்கு எழுதுகிறவர்கள் அறிவார்கள்.

இதைவிட மலிவான வழி ஒன்றும் ஊரில் இருந்தது. திருட்டு விசிடி. தமிழக அரசு அந்த வணிகத்தை 2004-இல் குண்டர் தடுப்புச் சட்டத்துக்குள் கொண்டுவந்த பிறகும் அது ஓயவில்லை. தட்டிலிருந்து பென்டிரைவுக்கும் அங்கிருந்து கைப்பேசிக்கும் குடிபெயர்ந்தது. இந்த டெய்லர் அந்தப் பக்கம் போகவில்லை. போயிருந்தால் ஒன்றேகால் லட்சம் பத்தாயிரத்துக்குள் அடங்கியிருக்கும். அவருடைய பொழுதுபோக்கு விலை மிகுந்ததானதற்கு ஏழாம் கட்டளையும் ஒரு காரணம். அன்று பேரவையில் அவரைப் பார்த்துச் சிரித்த எங்கள் கைப்பேசிகளில், வெளியான மூன்றாம் நாளே இறங்கிய புதுப்படங்கள் எத்தனை கிடந்தன என்பதை ஆண்டவர் அறிவார். நாங்கள் ஒரு காசும் செலவழிக்கவில்லை. ஆகவே எங்களிடம் யாரும் கணக்குக் கேட்கவில்லை.

இந்தக் கேள்விக்கு நம் மறைநூலில் ஒரு பழைய முன்னோடி உண்டு. பெத்தானியாவில் மரியா ஆண்டவரின் பாதங்களில் நறுமணத் தைலம் பூசியபோது, முந்நூறு தெனாரியத்துக்கு விற்று ஏழைகளுக்குக் கொடுத்திருக்கலாமே என்று கணக்குச் சொன்னவர் யார் என்பதைப் புனித யோவான் மறைக்காமல் எழுதியிருக்கிறார். ஒரு நாள் கூலி ஒரு தெனாரியம் என்றால் அது ஏறத்தாழ ஓராண்டு உழைப்பு. திரைப்படத் தட்டு திருப்பாதத் தைலம் ஆகாது. அந்த ஒப்புமையை நான் அவ்வளவு தூரம் இழுக்கமாட்டேன். ஆனால் பிறர் செலவைப் பார்த்ததும் ஏழைகளின் நினைவு திடீரென்று வருகிறவர்களுடைய பணப்பையை முதலில் பார்க்கவேண்டும் என்பதை அந்த நிகழ்ச்சி கற்றுத்தருகிறது. அன்று எங்கள் பேரவையிலும் ஒருவர் ஏழைகளை நினைவூட்டினார். விண்ணப்பித்தவரே ஏழை என்பது அவருக்குத் தோன்றவில்லை.

'வசதி உள்ளவர்களுக்கு உரிய பொழுதுபோக்கு இது, நமக்கு எதற்கு?' என்று இன்னொருவர் சொன்னார். என் வழக்கு முழுவதும் இந்தச் சொல்லோடுதான். திரைப்படத்தைச் சேர்த்துவைத்தவர்களின் வரலாற்றைப் புரட்டிப் பாருங்கள். வசதி உள்ளவர்களை அங்கே தேடித்தான் பிடிக்கவேண்டும்.

நம் பக்கத்து ஊரிலிருந்தே தொடங்கலாம். கோயம்புத்தூரில் 1883-இல் பிறந்த சாமிக்கண்ணு வின்சென்ட் ஒரு கிறிஸ்தவர். திருச்சியில் தென்னிந்திய ரயில்வேயில் வரைவாளராக மாதம் 25 ரூபாய் சம்பளத்தில் இருந்தவர். 1905-இல் டூபோன் என்ற பிரெஞ்சுக்காரர் படம் காட்டிக்கொண்டே திருச்சி வந்து, உடல்நலம் குன்றி, தம்மிடம் இருந்த படக்கருவியையும் சுருள்களையும் விற்றுவிட்டு ஊர் திரும்ப விரும்பினார். விலை 2,250 ரூபாய். வின்சென்டின் தொண்ணூறு மாதச் சம்பளம் அது. ஏழரை ஆண்டுகள் உண்ணாமல் உடுக்காமல் இருந்தால் சேரும் தொகை. இருபத்திரண்டு வயது இளைஞர் அந்தத் தொகையைத் திரட்டிக் கொடுத்து வாங்கினார். வாங்கிய சுருள்களுள் ஒன்று இயேசுநாதரின் வாழ்க்கையைக் காட்டும் படம்.

அன்று எங்கள் பேரவையைப் போன்ற ஒரு கூட்டம் அவரைச் சுற்றி இருந்திருந்தால் என்ன சொல்லியிருக்கும் என்பதை நான் விளக்கவேண்டியதில்லை. வேலையை விட்டார், கூடாரத்தைத் தூக்கிக்கொண்டு தென்னாடெங்கும் சுற்றினார், வட இந்திய நகரங்கள் வரை போனார். 1914-இல் கோவையில் வெரைட்டி ஹால் என்ற நிரந்தரத் திரையரங்கைக் கட்டினார். பிற்காலத்தில் டிலைட் என்று பெயர் மாறிய கொட்டகை அதுதான். அவர் பெட்டியில் பூட்டிவைத்து மகிழ்ந்த சேகரிப்பாளர் அல்லர், வணிகர், அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 'கட்டுப்படியாகுமா?' என்ற கேள்விக்கு அவர் கண்ட விடை நமக்கு வேண்டியது. சுருள் பெட்டியில் தூங்கினால் செலவு. திரையில் ஓடினால் வரவு. ஊர் மக்கள் ஆளுக்கு இரண்டணா, நாலணாவாக அவருடைய தொண்ணூறு மாதச் சம்பளத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள்.

ரோஜா முத்தையா கதை வேறு வகை. செட்டிநாட்டுக் கோட்டையூரில் இருந்தவர். பெயர்ப்பலகை எழுதும் ஓவியர். அந்தத் தொழிலில் வந்ததைக் கொண்டு நூல்களையும் இதழ்களையும் மட்டுமல்லாமல், எவரும் மடித்துப் பொட்டலம் கட்டிவிடும் நாடக நோட்டீசுகளையும் திரைப்படப் பாட்டுப் புத்தகங்களையும்கூடச் சேர்த்தார். 1992-இல் அவர் இறந்தபோது ஏறத்தாழ ஒரு லட்சம் உருப்படிகள். அவற்றை 1994-இல் விலை கொடுத்து வாங்கியது தமிழ்நாடு அன்று. அமெரிக்காவின் சிகாகோ பல்கலைக்கழகம். அந்தப் பல்கலைக்கழகத்தின் பெருந்தன்மையால் தொகுப்பு கப்பல் ஏறாமல் சென்னையிலேயே நூலகமாயிற்று. பெயர்ப்பலகை ஓவியர் தம் கைக்காசில் காத்ததைக் காசு கொடுத்து ஏற்க நமக்கு அட்லாண்டிக்குக்கு அப்பாலிருந்து ஆள் வரவேண்டியிருந்தது.

திரையுலகச் செய்திகளுக்கு நடமாடும் களஞ்சியமாக விளங்கிய ஃபிலிம் நியூஸ் ஆனந்தன் அவர்களும் செல்வந்தர் அல்லர். புகைப்படக் கருவியோடு படப்பிடிப்புத் தளங்களில் அலைந்தவர். 1958-இல் 'நாடோடி மன்னன்' படத்துக்கு மக்கள் தொடர்பாளராகப் பணியாற்றி, தமிழ்த் திரையில் அந்தத் தொழிலையே தொடங்கிவைத்தவர். படங்கள், விளம்பரத் தாள்கள், ஒளிப்படங்கள் என்று அவர் வீடு நிறைந்தது. பிற்காலத்தில் தமிழக அரசு அத்தொகுப்பை வாங்கிக்கொண்டது. வாங்கியது நல்ல செயல். ஆனால் அதற்கு முன் கழிந்த ஐம்பது ஆண்டுக் காலம் அதற்கு வாடகை கொடுத்தது யார்? அவருடைய வீடு. 2016-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் அவர் மறைந்தார். புனேயில் 1964-இல் தோன்றிய தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்தைத் தம் வாழ்நாள் முழுவதும் கட்டியெழுப்பிய பி. கே. நாயர் அவர்களும் அதே மாதத்தில்தான் மறைந்தார்.

துறவியரில் உதாரணம் வேண்டுவோருக்கு, சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் பணியாற்றிய இயேசு சபைக் குரு ஜோசப் ஜுவா இருக்கிறார். சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் சிறுவர்களுக்கும் தொழிலாளர்களுக்கும் காட்டுவதற்காக, ஓடித் தேய்ந்த பழைய சுருள்களைக் குறைந்த விலைக்கு வாங்கினார். அங்கியின் மடிப்புக்குள் வைத்து எல்லை கடத்திவந்தார் என்றுகூடச் சொல்வதுண்டு. குருக்களைப் பற்றி இப்படி ஒரு கதை உலவுவதில் எனக்கு வருத்தம் இல்லை. அவர் 1919-இல் இறந்தார். உலகில் வேறெங்கும் அழிந்துபோன எத்தனையோ மவுனப்படங்கள் அவருடைய இரண்டாம் கைச் சுருள்களால்தான் இன்று இருக்கின்றன. ஆயிரத்துக்கும் மேற்பட்ட அந்தச் சுருள்கள் 1970-களில் லண்டன் ஆவணக் காப்பகத்துக்குப் போய்ச் சேர்ந்தன.

ரயில்வே வரைவாளர், பெயர்ப்பலகை ஓவியர், புகைப்படக்காரர், ஏழ்மை வார்த்தைப்பாடு கொடுத்த குரு. வசதி உள்ளவர்கள் என்ன செய்தார்கள்? நெகடிவில் இருந்த வெள்ளிக்காகப் பழைய படங்களைக் கிலோக் கணக்கில் விற்றார்கள். வெள்ளியைச் சுரண்டி எடுத்தபின் மிஞ்சிய செல்லுலாய்டு வளையல்காரர்களுக்குப் போயிற்று. தென்னிந்தியாவில் எடுக்கப்பட்ட மவுனப்படங்கள் நூற்றுக்கு மேல். முழுமையாக நமக்கு எஞ்சியது 1933-இன் 'மார்த்தாண்ட வர்மா' ஒன்றே எனலாம். அதுவும் காப்புரிமை வழக்கில் சிக்கிப் பதிப்பாளரிடம் முடங்கிக் கிடந்த புண்ணியத்தால் தப்பித்தது. தமிழின் முதல் பேசும்படமான 1931-இன் 'காளிதாஸ்' நம் கையில் இல்லை. எழுபத்தொரு கிலோவை எட்டு ரூபாய்க்குப் போடவைத்த நாங்கள் அந்தப் பட முதலாளிகளின் வழித்தோன்றல்கள், வேறொன்றும் இல்லை.

'எல்லாம்தான் கைப்பேசியிலேயே கிடைக்கிறதே' என்று இளைஞர்கள் சொல்வார்கள். இன்று கிடைப்பது நாளை உரிமம் முடிந்ததும் மறைவதை அவர்களே பார்த்திருக்கிறார்கள். யூடியூபில் காணும் பழைய தமிழ்ப் படங்களில் பலவும், ஓரத்தில் ஏதோ ஒரு விசிடி நிறுவனத்தின் முத்திரையோடு, யாரோ ஒருவர் காசு கொடுத்து வாங்கிக் காப்பாற்றிய தட்டிலிருந்து ஏறியவை. அந்த ஒருவரையும் நாம் எடைக்குப் போட்டுவிட்டால் ஏற்றுவதற்கு எதுவும் இராது.

இதுவரை எழுதியதை அந்த டெய்லர் படித்தால் மகிழ்வார். இனி எழுதுவதற்கு மகிழமாட்டார்.

நாங்கள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்த ஞாயிற்றுக்கிழமை, 'படம் வாங்குற வாரம் அரை ஷிப்டு கூடப் பாப்பேன் சார். அது என் ஒடம்புக் காசு. வீட்டுக் காசுல கை வச்சதில்ல' என்று அவர் சொன்னார். அடுப்படியிலிருந்து அவர் மனைவியின் குரல் வந்தது: 'அரை ஷிப்டு பாத்த வாரமெல்லாம் புள்ளைகளத் தூங்குற மொகமாத்தான் பாத்தாரு. 2014-ல என் கம்மல வச்சு வாங்குனாரே, அதையும் எழுதிக்கச் சொல்லுங்கண்ணே.'

எழுதிக்கொண்டேன். வெளிநாட்டிலிருந்து ஐந்தாறு தட்டுகளை அவர் ஒருசேர வரவழைத்திருக்கிறார். சுங்கமும் அஞ்சலும் சேர்ந்து பதினைந்தாயிரத்தைத் தாண்டிவிட்டது. அவற்றுள் ஒன்று, டென்மார்க் இயக்குநர் டிரையர் புனித ஜோன் ஆஃப் ஆர்க்கின் விசாரணையையும் மரணத்தையும் பற்றி 1928-இல் எடுத்த மவுனப்படம். மூல நெகடிவ் தீயில் அழிந்துபோக, முழுமையான பிரதி ஒன்று 1981-இல் நார்வே நாட்டு மனநல மருத்துவமனையின் அலமாரியில் அகப்பட்டதே, அதே படம். நான் அதைப் பார்த்திருக்கிறேன், பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள். ஆனால் அந்தப் படத்துக்காக ஒரு பெண்ணின் கம்மல் மூன்று ஆண்டுகள் அடகுக் கடையில் இருந்தது. கேளாமலே எடுக்கப்பட்டு, கேட்ட பிறகே மீட்கப்பட்டது.

பெற்றோருக்குத் தரவேண்டியதைக் கொர்பான், அதாவது கடவுளுக்குக் காணிக்கை, என்று சொல்லித் தப்பித்துக்கொண்டவர்களை ஆண்டவர் கடிந்துகொண்டதை மாற்கு எழுதியிருக்கிறார். 'கலை' என்ற சொல்லும் நம்மில் பலருக்கு அப்படி ஒரு கொர்பானாகிவிட்டது. 'வரலாறு', 'பாதுகாப்பு', 'வருங்காலத் தலைமுறை' எல்லாமே அப்படித்தான். சேகரிப்பாளர்கள் கூடும் இடங்களில் வீட்டுக்குத் தெரியாமல் வாங்கியதைப் பெருமையாகச் சொல்லிச் சிரிப்பார்கள். பாதி விலை சொன்னேன், நண்பன் கொடுத்தது என்றேன், அலமாரியின் பின்வரிசையில் ஒளித்தேன் என்று. மனைவியின் பணத்தைத் திருடிவிட்டு அதைக் கதையாகச் சொல்கிறவன் வேறு எந்தப் பொருளைப் பற்றிச் சொன்னாலும் நாம் முகம் சுளிப்போம். இங்கே மட்டும் கூடச் சிரிக்கிறோம். நானும் சிரித்திருக்கிறேன், நூல்கள் வாங்குகிறவன் என்ற முறையில். என் வீட்டு அலமாரியிலும் ஒரு பின்வரிசை உண்டு.

ஆகவே, 'எப்படிக் கட்டுப்படியாகிறது?' என்ற கேள்விக்கு உண்மையான விடை, கட்டுப்படியாகவில்லை என்பதே. எவருக்கும் கட்டுப்படியானதில்லை. வேறு ஒருவர் கொடுத்தார். பெரும்பாலும் அதே வீட்டில் இருக்கும் ஒரு பெண், சொல்லாமல், சில வேளை தெரியாமலே கொடுத்தார். கோட்டையூரிலும் சென்னையிலும் அந்த வீடுகளில் இருந்தவர்கள் என்ன கொடுத்தார்கள் என்பதை எந்த நூலகத்தின் கல்வெட்டும் சொல்லவில்லை.

சேகரிப்பாளரின் தியாகம் என்று மேடையில் பாராட்டிச் சால்வை போடுவதை நான் வெறுப்பது இதனால்தான். சால்வை போடுகிறவர்கள் கடன்காரர்கள். ஊரார் அனைவருக்கும் உரிய ஒன்றை ஒரு குடும்பம் தன் சோற்றில் மிச்சம்பிடித்துக் காக்கும்படி விட்டுவிட்டு, அந்தக் குடும்பத்தலைவனைத் தியாகி என்பது கடனை அடைக்காமல் தப்பிக்கும் வழி. அவரை ஊதாரி என்பது அதே வழியின் மறுபக்கம். எங்கள் பேரவை இரண்டாவதைச் செய்தது. சில இலக்கிய அமைப்புகள் முதலாவதைச் செய்கின்றன. இரண்டுக்கும் ஒரு ரூபாய் செலவில்லை.

அந்த நான்கு சாக்குகளில் என்ன இருந்தது என்று பேரவையில் எவரும் கேட்கவில்லை. நான் பிறகு கேட்டேன். 'ஞானசௌந்தரி' இருந்தது. மாற்றாந்தாயின் சூழ்ச்சியால் கைகள் வெட்டப்பட்ட பெண்ணுக்கு அன்னை மரியா மீண்டும் கைகளை அருளும் கதை. நம் முன்னோர் திருவிழா இரவுகளில் விடிய விடிய நாடகமாகப் பார்த்தது. 1948-இல் ஜெமினியும் சிட்டாடலும் அதைப் போட்டி போட்டுப் படமாக்கின, டி. ஆர். மகாலிங்கமும் எம். வி. ராஜம்மாவும் நடித்த சிட்டாடல் படம் வென்றது, எஸ். எஸ். வாசன் தம் படத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். 1971-இன் 'அன்னை வேளாங்கண்ணி' இருந்தது. இவை நம்முடையவை அல்லவா? பங்குக் கூடத்தில் வெள்ளைத் துணி கட்டி இவற்றில் ஒன்றைக் காட்டினால், அறுபது வயதைக் கடந்தவர்கள் எத்தனை பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வருவார்கள்!

திருச்சபைக்குத் திரைப்படம் அந்நியம் என்று யாரும் சொல்லவேண்டாம். திருத்தந்தை இருபத்துமூன்றாம் யோவான் 1959-ஆம் ஆண்டு நவம்பரில் வத்திக்கானில் திரைப்படக் காப்பகம் ஒன்றை நிறுவினார். அதற்கு முன்பே, 1936-இலும் 1957-இலும் இரண்டு திருத்தந்தையர் திரைப்படத்தைக் குறித்துச் சுற்றுமடல் எழுதினார்கள். உரோமையில் காப்பகம், திருப்பூரில் பழைய இரும்புக் கடை.

ஊரில் பணம் இல்லையா? ஆண்டுக்குப் பல்லாயிரம் கோடி ரூபாய்க்குப் பின்னலாடை ஏற்றுமதி செய்யும் ஊர் இது. 2011-இல் உயர் நீதிமன்ற ஆணைப்படி சாயப்பட்டறைகள் மூடப்பட்டபோதும், 2025 ஆகஸ்டில் அமெரிக்கா 50 விழுக்காடு வரி விதித்தபோதும் துடித்த ஊர்தான், மறுக்கவில்லை. ஆனால் எழுந்து நின்ற ஆண்டுகளிலும் இந்த ஊர் தன் தொழிலாளிக்குப் பார்க்கவும் படிக்கவும் கட்டிக்கொடுத்தது மிகக் குறைவு. எங்கள் பங்கின் தேர்த்திருவிழாவில் பத்து நிமிட வாணவேடிக்கைக்கு ஆகும் தொகையில் ஓர் அலமாரியும் ஈரம் புகாத அறையும் ஒரு கணினியும் படிகளைச் சேமிக்க இரண்டு கருவிகளும் வாங்கி, மீதிக்கு வெடியும் வாங்கலாம். நான் கணக்கு எழுதுகிறவன். எண்ணிப் பார்த்துத்தான் சொல்கிறேன்.

வேண்டுவது பெரிதன்று. வின்சென்ட் செய்ததுபோல் படத்தை ஓடவிடவேண்டும். மாதம் ஒரு சனிக்கிழமை, சம்பளம் வாங்கிக் குளித்துவிட்டு வரும் நேரத்தில், உரிமை முடிந்த பழைய படம் ஒன்று. இந்தியச் சட்டப்படி திரைப்படத்தின் பதிப்புரிமை 60 ஆண்டுகளில் முடிகிறது. ஆகவே பழையவற்றில் பெரும்பகுதிக்கு யாரிடமும் கையேந்தவேண்டியதில்லை. தலைக்குப் பத்து ரூபாய்த் தட்டுக் காணிக்கை. தட்டுகளைத் தருகிறவருக்கு விலை கொடுக்கவேண்டும். அன்பளிப்பு என்று சொல்லி வாங்கக்கூடாது. அந்த விலையை அவரும் அவர் மனைவியும் சேர்ந்து கையெழுத்திட்டு வாங்கவேண்டும். இந்தக் கடைசி நிபந்தனையைச் சொன்னபோது நண்பர் ஒருவர் நகைத்தார். அவரும் சேகரிப்பாளர்தான்.

எங்கள் டெய்லரிடம் இப்போது பதினொரு தட்டுகள் இருக்கின்றன. சாக்கில் போடாமல் ஒதுக்கிவைத்தவை. ஜோன் ஆஃப் ஆர்க் அவற்றுள் ஒன்று. அதை ஒதுக்கியவர் அவர் அல்லர், கம்மலுக்கு உரியவர். 'அது என்னுது' என்றாராம்.

அடுத்த பேரவைக் கூட்டத்துக்கான பொருள் நிரலில் 'பங்கு நூலகத்தில் திரைப்படப் பகுதி' என்ற பொருளைச் சேர்க்கும்படி செயலாளருக்கு எழுத்து வடிவில் கொடுத்திருக்கிறேன். 2020 அக்டோபர்க் குறிப்பேட்டின் படியையும் இணைத்திருக்கிறேன். வாங்கி வைத்துக்கொண்டார். இரண்டு வாரமாகப் பதில் இல்லை.